கவிழ்த்துப் பார்த்தால் வயது தெரியும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். பழைய வாக்குவம் கிளீனர் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால் எவருக்கும் எழும் கேள்விகள் இரண்டு. இது எந்தக் காலத்துச் சாமான்? இதற்கு இனிமேல் பார்ட்ஸ் கிடைக்குமா? லண்டனில் பெரியப்பா வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் யாரோ வீடு காலி செய்யும்போது வாசலில் வைத்து விற்றதாக இருக்கலாம். மயிலாப்பூரில் பரண் மேல் அட்டைப்பெட்டியோடு வருஷக்கணக்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். கேள்வி மாறாது.

இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். "பழைய ஹூவருக்கு பெல்ட் இருக்கா?" என்று கடையில் கேட்பார்கள். "என்ன மாடல்?" என்பார் கடைக்காரர். பேச்சு அத்தோடு நின்றுவிடும். மாடலும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் தெரிந்துவிட்டால், எந்தப் பை பொருந்தும், யாரிடம் கேட்க வேண்டும், எங்கும் கிடைக்காத பட்சத்தில் எதை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும். அதனால் வயதில் தொடங்குவோம்.

அதற்கும் முன்னால் ஒரு விண்ணப்பம். கொண்டுவந்த கையோடு பிளக்கில் சொருகி சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். வெளியே துணி நெசவு நன்றாகத் தெரிந்தாலும் ஐம்பது அறுபது வருஷத்து ரப்பர் வயர் உள்ளுக்குள் பொடிந்து கிடக்கும். அமெரிக்க மெஷின் என்றால் அது 110 அல்லது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும், அப்புறம் வயது பார்த்து என்ன ஆகப்போகிறது? பழைய பெட்ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, அதன் மேல் மெஷினைக் கவிழ்த்துப் போடுங்கள்.

அடிப்பாகத்திலோ மோட்டார் மூடிக்குப் பின்புறமோ ஒரு சின்னத் தகட்டை ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். எண்ணெயும் தூசும் படிந்து எழுத்தே தெரியாது. கத்தியால் சுரண்டக் கூடாது, கம்பி நாரும் ஆகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் போட்டு வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள். பிறகு செல்போன் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். பாதி அழிந்துபோன எழுத்தும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். அந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். இனி எல்லா விசாரணையும் அந்தப் படத்தை வைத்துத்தான்.

தகட்டில் மாடல் எண், சீரியல் எண், வோல்ட், வாட், தயாரித்த கம்பெனியின் முகவரி, பல சமயம் காப்புரிமை எண்களும் இருக்கும். எல்லோர் கண்ணும் முதலில் சீரியல் எண்ணில்தான் போய் நிற்கிறது. கம்பெனியின் பட்டியல் கையில் இருந்தால்தான் அது பேசும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மாடல் எண். அதற்கடுத்து, பெரும்பாலானோர் கண்டுகொள்ளாத முகவரியும் காப்புரிமை எண்களும்.

அமெரிக்க மெஷின்களில் காப்புரிமை எண் ஒரு நல்ல சாட்சி. அந்நாட்டில் காப்புரிமைகளுக்கு 1836 முதல் ஒரே வரிசையில் எண் கொடுத்து வருகிறார்கள். 10 லட்சமாவது எண் 1911இல் கொடுக்கப்பட்டது, 20 லட்சமாவது 1935இல், 30 லட்சமாவது 1961இல், 40 லட்சமாவது 1976 டிசம்பர் கடைசியில். தகட்டில் உள்ள எண்களில் மிகப் பெரியதைப் பாருங்கள். அது 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 1935 ஏப்ரலுக்கு முன்னால் அந்த மெஷின் பிறந்திருக்க வழியே இல்லை. எண் இல்லாமல் தேதிகள் மட்டும் வரிசையாகப் பொறித்திருந்தால் இன்னும் பழையது என்று பொருள். காப்புரிமையின் எண்ணைப் பொறிக்க வேண்டும் என்று 1927இல் சட்டம் வந்தது. அதுவரை தேதியை மட்டும் போடுவது வழக்கம்.

இதில் அடிக்கடி ஒரு குழப்பம் வரும். "1908 என்று போட்டிருக்கிறது, அப்படியானால் இது 1908 மெஷின்தானே?" என்பார்கள். 1908 ஜூன் 2 என்பது ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளருக்குக் காப்புரிமை கிடைத்த நாள். ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரத்தில், ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர் அவர், ஆஸ்துமாக்காரர். மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் வைத்துக் கையால் தள்ளும் மெஷினைச் செய்தார். தோல் சாமான் தொழில் நடத்திவந்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கித் தொழிற்சாலை தொடங்கினார். அந்தத் தேதி பிந்தைய மெஷின் ஒன்றின் தகட்டிலும் மற்றத் தேதிகளோடு சேர்ந்து வரலாம். தகட்டில் பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதுவும் 'இதற்கு முந்தியது அல்ல' என்று மட்டுமே சொல்லும்.

பிந்திய எல்லையைச் சொல்வது முகவரி. அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் 1963 ஜூலையில் வந்தது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள், 1943 முதல், பெரிய நகரங்களின் பெயருக்குப் பின்னால் ஓரிரு இலக்க மண்டல எண் மட்டும் இருக்கும், 'க்ளீவ்லேண்ட் 2, ஒஹாயோ' என்பதுபோல. ஊருக்குப் பின்னால் இப்படிச் சின்ன எண் இருந்தால் பெரும்பாலும் அந்த இருபது ஆண்டுகளுக்குள் வந்தது. ஐந்து இலக்கம் இருந்தால் 1963க்குப் பின். பெரிய நகரத்தின் பெயருக்குப் பின்னால் எண்ணே இல்லாவிட்டால் 1943க்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் எண்ணை விட்டுவிட்டு அச்சடித்தவர்களும் உண்டு, அதனால் அதைத் தனிச் சாட்சியாக ஏற்கக் கூடாது.

பிரிட்டிஷ் ஹூவரில் 'பெரிவேல், மிடில்செக்ஸ்' என்ற முகவரி இருந்தால் அது லண்டனுக்கு மேற்கே 1933இல் திறந்த தொழிற்சாலை. வெள்ளை வெளேரென்று அரண்மனைபோல இருக்கும் அந்தக் கட்டடத்தில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். ஜெர்மன் மெஷினில் 'மேற்கு ஜெர்மனித் தயாரிப்பு' என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில்.

நம் ஊர் மெஷினுக்கும் இந்த உத்தி செல்லும், சொல்லப்போனால் இங்கேதான் சுலபம். நம் வீடுகளில் வாக்குவம் கிளீனர் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு யூரோகிளீன்தான் நினைவுக்கு வரும். ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸோடு கூட்டு வைத்து 1982இல் தொடங்கிய யூரேகா ஃபோர்ப்ஸ், டை கட்டிய விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பி விற்றது. கதவைத் தட்டி உள்ளே வந்து, மெத்தையில் உறிஞ்சிக் காட்டி, வெள்ளைத் துணியில் படிந்த தூசியை வீட்டுக்காரர் கண் முன்னால் விரித்துக் காட்டுவார்களே, அந்தக் காலம். அப்படி வாங்கிய மெஷினின் தகட்டையோ விளக்கப் புத்தகத்தையோ வாரண்டி அட்டையையோ பாருங்கள். 'பம்பாய்' என்று இருந்தால் 1982க்கும் 1995க்கும் இடைப்பட்டது. அந்த ஆண்டில்தான் ஊர் மும்பை ஆனது. கிளை அலுவலக முகவரியில் 'மெட்ராஸ்' இருந்தால் 1996க்கு முந்திய அச்சு. இருப்பில் இருந்த பழைய தாளைப் பெயர் மாறிய பிறகும் சில காலம் போட்டிருப்பார்கள், ஓரிரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வோல்ட் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 110 முதல் 120 என்றால் அமெரிக்கா, கனடா. பிரிட்டனில் போருக்கு முன் ஊருக்கு ஊர் மின்சாரம் வேறு, சில இடங்களில் டிசிகூட உண்டு. அதனால் பழைய பிரிட்டிஷ் தகட்டில் '200–220', '230–250' என்று எல்லை போட்டு, ஏசி, டிசி இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பார்கள். மின்சாரத்தின் அலைவைக் குறிக்க 'சைக்கிள்ஸ்' என்று இருந்தால் பழையது. 'ஹெர்ட்ஸ்' 1960க்குப் பிறகே மெல்ல மெல்லத் தகடுகளில் ஏறியது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்பு முத்திரை இருந்தால் இன்னும் சற்றுப் பிந்தியது என்று கொள்ளலாம்.

தகடே விழுந்து போயிருந்தால் என்ன செய்வது? உடம்பைப் பார்க்க வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும் வகையில், பளபளக்கும் அலுமினிய வார்ப்பும் நீளக் கைப்பிடியில் தொங்கும் துணிப் பையும் இருந்தால் அது ஹூவர் வழிவந்தது. கீழே பிரஷ் உருளையைப் புரட்டிப் பாருங்கள். மயிர்க் கற்றைகளுக்கு நடுவே கம்பளத்தைத் தட்டுவதற்கென்று உலோகக் கட்டைகள் பதித்திருந்தால் 1926க்குப் பிந்தியது. அந்த ஆண்டு வந்த 700 மாடலில்தான் ஹூவர் அந்த அடிக்கும் உருளையைக் கொண்டுவந்தது. மோட்டாரை உலோகத்துக்குப் பதிலாகக் கருஞ்சாக்லேட் நிறத்து பேக்கலைட் மூடி மூடியிருந்து, முன்னால் விளக்கும் இருந்தால் 1936இன் 150 மாடலையோ அதன் வாரிசுகளையோ பார்க்கிறீர்கள். அதன் உருவத்தை வரைந்தவர் ஹென்றி டிரைஃபஸ், தொலைபேசிகளுக்கும் ரயில்களுக்கும் வடிவம் கொடுத்தவர். என்னைக் கேட்டால் அந்த 150தான் இந்த இனத்திலேயே அழகானது. ஒரு வளைவுகூட வீணாக இல்லை.

தரையில் படுத்தபடி இழுபடும் உருளை வகை எலக்ட்ரோலக்ஸ் வழி. ஸ்வீடனில் ஆக்சல் வென்னர் கிரேன் 1921இல் கொண்டுவந்த மாடல் ஐந்து, சக்கரம் இல்லாமல் பனிச்சறுக்கு வண்டிபோல இரண்டு சறுக்குக் கம்பிகள் மேல் போனது. அந்தக் கம்பிகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. பழைய மாடல்களின் எண்ணை ரோமன் எழுத்தில் போட்டார்கள். மூன்று எக்ஸ் போட்ட முப்பதாவது மாடல் 1937இல் அமெரிக்காவில் வந்தது, வடிவமைப்பு லுரெல் கில்ட். 1954 வரை அதே பெயரில் விற்றார்கள். மாடல் எண் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 17 ஆண்டுகள் ஓடிய மாடலில் உங்களுடையது போருக்கு முந்தியதா பிந்தியதா என்று காப்புரிமை எண்ணையும் முகவரியையும் கேட்டால்தான் தெரியும். இதற்கு நேர் எதிர், எல் எக்ஸ் என்ற அறுபதாவது மாடல். 1952இல் தூக்கியெறியும் காகிதப் பையோடு வந்தது. உங்கள் அமெரிக்க எலக்ட்ரோலக்ஸ் துணிப் பைக்காரனா காகிதப் பைக்காரனா என்பதே ஒரு கால எல்லை.

பந்துபோல உருண்டையாக இருந்தால் ஹூவர் கான்ஸ்டலேஷன், 1950களின் நடுவில் வந்தது. தான் வெளியேற்றும் காற்றின் மேலேயே மிதந்து வரும் மாடலும் அதில் உண்டு. ஆனால் அதே உருண்டையைப் பிற்காலத்தில் மறுபடியும் செய்து விற்றார்கள். உருவத்தை மட்டும் நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவின் கிர்பி விஷயத்தில் பெயரே காலண்டர். கிளாசிக் த்ரீ 1976 முதல் 1979 வரை, ட்ரெடிஷன் 1981 வரை, ஹெரிட்டேஜ் 1984 வரை, 1990இல் தானே முன்னால் நகரும் ஜெனரேஷன் த்ரீ. உருவம் பெரிதாக மாறாது, பெயர் மாறும், நிறம் மாறும். ஹூவர் ஜூனியர் நேர்மாறு. அந்தப் பெயரை 1930களிலிருந்து பல தலைமுறை மெஷின்களுக்கு வைத்திருக்கிறார்கள், ஜூனியர் என்று மட்டும் சொன்னால் யாராலும் பார்ட்ஸ் தர முடியாது.

வயர் நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் குறிப்புகளில், சிவப்பு, கறுப்பு, பச்சை வயர் இருந்தால் 1970க்கு முந்தியது என்றும் பிரவுன், நீலம், மஞ்சள்பச்சை இருந்தால் பிந்தியது என்றும் இருக்கும். அங்கே அது சரி. இந்தியாவில் சிவப்பு, கறுப்பு, பச்சை இன்றைக்கும் வீட்டு வயரிங்கில் ஓடுகிறது. எந்த எலக்ட்ரீஷியனாவது ஒரு காலத்தில் வயர் மாற்றியிருப்பார். உருண்டை முள் பிளக்கும் அப்படித்தான், பிரிட்டனில் அது பழமையின் அடையாளம், நமக்கு நேற்று வாங்கிய சாமானிலும் உண்டு. வயரையும் பிளக்கையும் பிறந்த தேதிக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள்.

சரி, பார்ட்ஸுக்கு வருவோம். இங்கேயும் ஒரு பழைய குடும்ப வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் காசு வீண். அமெரிக்காவில் எலக்ட்ரோலக்ஸ் என்ற பெயரில் வீடு வீடாக விற்ற கம்பெனி, ஸ்வீடன் தாய்க் கம்பெனியிலிருந்து பிரிந்து தனியாகவே ஓடியது. 2000 வாக்கில் பெயர் உரிமை ஸ்வீடனுக்குத் திரும்பியது, அமெரிக்கக் கம்பெனி ஏரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆகவே உங்கள் பழைய அமெரிக்க எலக்ட்ரோலக்ஸுக்கு இன்றைய எலக்ட்ரோலக்ஸ் கடையில் பை கேட்டால் பொருந்தாத ஒன்றைத்தான் கொடுப்பார்கள். ஏரஸ் பேரில் தேடுங்கள், உலோக உடம்பு உருளைகளுக்கு 'சி' வகைப் பை என்று கேளுங்கள். ஹூவரும் இரண்டாகப் பிரிந்த குடும்பம். ஐரோப்பிய ஹூவரை 1995இல் இத்தாலியின் கேண்டி வாங்கியது. அமெரிக்க ஹூவர் 2007இல் ஹாங்காங்கின் டிடிஐ கைக்குப் போனது. பிரிட்டிஷ் ஜூனியருக்கு அமெரிக்க பெல்ட் தேடி அலைவது இதனால்தான் பலருக்கு நேர்கிறது. கான்ஸ்டலேஷன் வைத்திருக்கும் அதிர்ஷ்டசாலிகள் 'ஜே' வகைப் பை என்று கேட்டால் போதும். கிர்பிக்காரர்கள் அதைவிடக் கொடுத்து வைத்தவர்கள். கம்பெனி இன்னும் இருக்கிறது, அடிப்படை அமைப்பும் பெரிதாக மாறவில்லை.

பெயரால் கிடைக்காததை அளவால் தேட வேண்டும். இந்த வேலைக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது ஒரு வெர்னியர் காலிப்பர். பழைய மெஷினில் தேய்ந்துபோகிறவை பெரும்பாலும் எல்லா மெஷினுக்கும் பொதுவான சாமான்கள். அவற்றின் அளவு மில்லிமீட்டரில் கையில் இருந்தால் பிராண்டு பெயர் தேவைப்படாது.

முதலில் சாகிறது ரப்பர். பெல்ட் நீண்டு தளர்ந்திருக்கும், அல்லது வெயிலில் கிடந்த வெல்லம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பெல்ட்டை அளந்து அதே நீளத்துக்கு வாங்கக் கூடாது, அது இழுபட்ட நீளம். மோட்டார் தண்டிலிருந்து பிரஷ் உருளையின் பள்ளம்வரை பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி, அந்த நீளத்தைவிடச் சற்றுக் குறைந்ததாகத் தேடுங்கள். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் பேரிங் போய்விடும், தளர்வாகப் போட்டால் வழுக்கி ரப்பர் கருகும் வாடை வரும். அகலம், தடிமன், தட்டையா உருண்டையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் எனும் உறிஞ்சு குழாய் அடுத்தது. கடைசியில் மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் கட்டம் வந்த பிறகு, ஒரு முனையை அதில் மாட்டி ஓடவிட்டு மறுமுனையை உள்ளங்கையால் அடைத்தால், நல்ல குழாய் கையைப் பற்றி இழுக்கும். இழுக்காவிட்டால் நடுவில் எங்கோ வெடிப்பு. துணி நெசவுக் குழாயில் அது வெளியே தெரியாது, உள்ளே ரப்பர் பூச்சு உதிர்ந்திருக்கும். குழாயைத் தூக்கிப் போடலாம், அதன் இரு முனைகளிலும் உள்ள உலோகப் பிடிகளைப் போட்டுவிடாதீர்கள். அவைதான் மறுபடி கிடைக்காதவை. இன்று விற்கும் 32 அல்லது 35 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை வாங்கி, பழைய பிடிகளை அதில் பொருத்திக்கொண்டால் மெஷின் மறுபடி முழுசாகிவிடும்.

பை விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய நிமிர்ந்த ஹூவரிலும் கிர்பியிலும் அழுக்குக் காற்று முதலில் விசிறியில் பட்டு, அப்புறம்தான் பைக்குப் போகும். மோட்டார் அந்தப் பாதையில் இல்லை. அங்கே பை கொஞ்சம் ஓட்டையாக இருந்தால் வீடு தூசியாகும், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாணயமோ திருகாணியோ உள்ளே போனால் விசிறி இதழ் உடையும், அதனால் வாங்குமுன் விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். உருளை வகையில் காற்று முதலில் பையில் வடிகட்டி, பிறகு மோட்டாரின் ஊடாகவே வெளியே போகிறது. அங்கே தையல்காரரிடம் மெல்லிய துணியில் பை தைத்துப் போட்டால் நுண்தூசி மோட்டாருக்குள் நுழைந்து பேரிங்கையும் கார்பனையும் தின்றுவிடும். நெருக்கமான நெசவுள்ள தடித்த பருத்தித் துணி, இரட்டைத் தையல், அதற்கு மேல் மோட்டாருக்கு முன்னால் ஒரு வடிகட்டித் துண்டு. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இனி மோட்டார். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இங்கே பெரிய வசதி ஒன்று உண்டு. வாக்குவம் கிளீனரின் மோட்டாரும் மிக்ஸியின் மோட்டாரும் ஒரே இனம், ஏசியிலும் டிசியிலும் ஓடும் யூனிவர்சல் மோட்டார். சுழலும் தாமிரக் கம்யூட்டேட்டரின் மேல் இரு பக்கமும் கார்பன் பிரஷ் உரசி மின்சாரத்தைக் கொடுக்கும். தமிழ்நாட்டில் மிக்ஸி ரிப்பேர் கடை இல்லாத ஊர் ஏது? உங்கள் 1950 ஹூவரை ஷோரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனால் உதட்டைப் பிதுக்குவார்கள். மிக்ஸி கடைக்காரர் மூடியைக் கழற்றியதும் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோலப் பேச ஆரம்பிப்பார்.

கார்பனைக் கழற்றும்போது எது இடது, எது வலது, தேய்ந்த வளைவு எந்தப் பக்கம் பார்த்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் பாதிக்கு மேல் குறைந்திருந்தாலோ ஓரம் உதிர்ந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். அளக்க வேண்டியவை தடிமனும் அகலமும். நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதே அளவு கிடைக்காவிட்டால் சற்றுப் பெரியதாக வாங்கி, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்துக் குறைக்கலாம். பிடிக்குள் போட்டால் தானாக நழுவ வேண்டும், ஆடக் கூடாது. பிறகு கம்யூட்டேட்டரைச் சுற்றி உப்புத்தாளின் சொரசொரப்பு வெளியே பார்க்கும்படி வைத்து, கையால் சுழற்றினால் கார்பன் முகத்தில் சரியான வளைவு விழும். எமரித் தாள் மட்டும் வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும், செப்புப் பட்டைகளின் நடுவே சிக்கினால் ஷார்ட் ஆகும். கடைசியில் தூசியை ஊதித் துடைத்துவிடுங்கள்.

பேரிங் இன்னும் சுலபம். விளிம்பில் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே அளவு. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மிகப் பழைய சிலவற்றில் அங்குல அளவு வரும், சிலவற்றில் பேரிங்கே இல்லாமல் எண்ணெய்த் திரி வைத்த பித்தளை புஷ் இருக்கும். புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். காயில் கருகியிருந்தால் மோட்டார் வைண்டிங் கடை. பழைய கம்பியின் கேஜையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கணக்கெடுத்த பிறகே அறுக்கச் சொல்லுங்கள்.

மெய்யாகவே கிடைக்காதவை பேக்கலைட் மூடி, சுவிட்ச் குமிழ், கம்பெனிச் சின்னம், முன்விளக்கின் கண்ணாடி. இவற்றுக்கு ஒரே வழி, அதே மாடலில் ஓடாத இன்னொரு மெஷினை வாங்கிப் பிரிப்பது. வயதைச் சரியாகக் கண்டுபிடித்த உழைப்பு இங்கேதான் பலன் தரும். ஒரே பெயரில் இரண்டு வருஷம் தள்ளி வந்த மெஷினின் மூடி திருகாணித் துளைக்குப் பொருந்தாமல் போகலாம். விற்பவரிடம் தகட்டின் படத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் தகட்டோடு ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள். பாகங்களின் உட்புறத்தில் வார்ப்பிலேயே எண் இருக்கும், அதையும் கேளுங்கள்.

வெளிப்பூச்சைப் பற்றிக் கேட்டால் என் கட்சி உறுதியானது. அலுமினியத்தை மெருகேற்றலாம், தப்பில்லை. தகட்டுக்கு மேல் பெயின்ட் அடிப்பதையும், புதுத் தகடு அச்சடித்து ஒட்டுவதையும் செய்யாதீர்கள். அடுத்து இதை வாங்குகிறவர் வயது பார்க்க அந்தத் தகடு ஒன்றுதான் இருக்கிறது. மாற்றிய பாகங்களின் அளவையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பைக்கூட்டின் உட்புறத்தில் ஒட்டி வைத்தால் அவருக்கு இன்னும் உபகாரம்.

இவ்வளவும் முடிந்தால் இப்போது மின்சாரம் கொடுக்கலாம். பழைய வயரை முழுவதும் எடுத்துவிட்டுப் புது வயர் போடுங்கள். உலோக உடம்பு என்றால் எர்த்தோடு சேர்த்து மூன்று கோர் வயர். மெக்கர் வைத்துப் பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காப்பு நிலையைச் சோதிக்கக் கொடுங்கள். அமெரிக்க மெஷினுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், தகட்டில் உள்ள வாட்டைப்போல ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியது. 60 சைக்கிள் என்று போட்டிருக்கிறதே, நம்முடையது 50 ஆயிற்றே என்று கவலை வேண்டாம், யூனிவர்சல் மோட்டாருக்கு அது பொருட்டில்லை. முதல் தடவை நேரடி லைனில் போடாமல் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துப் போடச் சொல்லுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையவே இல்லை என்றால் உள்ளே ஷார்ட் இருக்கலாம், அல்லது தண்டு இறுகியிருக்கலாம். அணைத்துவிட்டுத் தேடுங்கள். பல்பு மங்கி மோட்டார் மெதுவாகச் சுற்றினால் பல்பை எடுத்துவிட்டு அரை நிமிஷம் ஓட்டலாம். புதுக் கார்பன் தொடக்கத்தில் கொஞ்சம் பொறி விடும், ஓட ஓட அடங்கிவிடும். பொறி வட்டமாக கம்யூட்டேட்டரைச் சுற்றி வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வைண்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள்.